முதல் கைகுலுக்கல்

எங்கள் அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அவரவர் பார்த்துக்கொண்டிருந்த மரபணுவின் பெயர்தான் அவரவருக்கு. மதியம் சாப்பாட்டு அறை வாசலில் நின்றுகொண்டு ஒருவன், "ஏய் பி.ஆர்.சி.ஏ, தயிர் மிச்சம் இருக்கா?" என்று கத்துவான். மார்புப் புற்றுநோய் மரபணுவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தயிர் டப்பாவுடன் எழுந்து வருவான். சிரிப்பார்கள். சேர்ந்த புதிதில் அது எனக்குக் குமட்டியது. பிறகும் குமட்டியது. பழகிவிட்டது என்று எழுத விரும்பவில்லை.

நாங்கள் செய்த வேலை இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மனித மரபணுக்களுக்கெல்லாம் ஒரு பெரிய தகவல் தொகுப்பு தயாரித்துக்கொண்டிருந்தது. செகந்திராபாத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து நாங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து, எந்த மரபணுவில் என்ன பிழை, அந்தப் பிழையால் யாருக்கு என்ன ஆயிற்று, பெற்றோர் உறவுக்காரர்களா என்று கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். கணவரின் வங்கி மாற்றலால் இந்த ஊருக்கு வந்தேன். அதற்கு முன் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. இங்கே எனக்குச் சரிபார்க்கும் வேலை. மற்றவர்கள் ஏற்றியதை மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டு, சரி என்று நான் குறித்தால்தான் அது வெளிநாட்டுக்குப் போகும்.

எனக்கு மரபணு ஒதுக்கவில்லை. ஆகவே முதுகுக்குப் பின்னால் 'சோப்பு மேடம்' என்றார்கள். கைப்பையில் சோப்பு டப்பா வைத்திருந்ததால் அந்தப் பெயர். கழிவறையில் இருந்த திரவ சோப்பில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்திருக்கும். மூடியைச் சுற்றி யாருடைய தலைமுடியாவது ஒட்டியிருக்கும். அதைத் தொடுவதைவிடப் பெயர் வாங்குவது மேல்.

நான் அத்தனை தடவை கை கழுவியதற்கு எங்கள் மேனேஜரும் ஒரு காரணம். சென்னைக்காரர், நாற்பதை நெருங்கியவர். நல்ல தலைவர் தினமும் தன் ஆட்களின் கையைத் தொட வேண்டும் என்று ஏதோ பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் காலையில் வந்ததும் வரிசையாக ஒவ்வொரு மேசைக்கும் போய்க் கை குலுக்குவார். அதற்கு முன்னால் கீழே தள்ளுவண்டியில் மிர்ச்சி பஜ்ஜி சாப்பிட்டிருப்பார். விரல்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டுதான் படியேறுவார். அந்தக் கைதான் எங்கள் எல்லோருக்கும். வெளிநாட்டுக் கம்பெனி வேலைகள் வந்து குவிந்த அந்த வருடங்களில் ஊரே கை குலுக்கிக்கொண்டிருந்தது. அதுவரை தூர நின்று தலையசைத்தவர்கள்கூட லிஃப்டில் கையை நீட்டினார்கள். எனக்குக் காலை என்றால் உள்ளங்கையில் ஒரு எண்ணெய்ப் படலம். நாட்குறிப்பில் பல பக்கங்கள் 'எண்ணெய்' என்ற சொல்லோடு ஆரம்பிக்கின்றன.

அந்தக் காலத்தில்தான் அவள் வேலைக்கு வந்தாள். முப்பது தாண்டியவள். தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக வந்து மௌலா அலியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவள் பேசிய தமிழை நான் வேறெங்கும் கேட்டதில்லை. 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'எதற்கு' என்பதற்கு 'கைக்கு'. முதல் நாளே என்னை 'அக்கா' என்றாள். அங்கே எல்லோருக்கும் நான் மேடம்.

முந்தைய இரண்டு இடங்களில், வேகம் போதாது என்று தகுதிகாண் காலத்திலேயே அவளை அனுப்பிவிட்டார்கள். இந்த முறையாவது வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதை அவள் மறைக்கவில்லை. எங்கள் இடத்திலோ மணிக்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். காலையில் முதல் அரை மணி நேரம் அவளுடைய எண்ணிக்கை கடைசியில் கிடக்கும். பிறகு ஏறும், மதியத்துக்குள் அந்தக் கூடத்திலேயே வேகமானவள் அவள்தான். மேனேஜர் அவளுக்கு 'டீசல் எஞ்சின்' என்று பட்டம் வைத்தார். கை குலுக்கிக்கொண்டே அவர் அவளுடைய கடைசி மேசைக்கு வருவதற்குள் அவள் டைப் அடித்து விரல்கள் தளர்ந்திருக்கும். எனக்கு வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. காலையில் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கியதும் கதவைப் பிடித்தபடியே சற்று நேரம் நிற்பாள். டிரைவர் ஹாரன் அடிப்பார். என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் உடனே திருப்பித் தர மாட்டாள். விரல்கள் அதைப் பிடித்தபடியே இருக்கும். முதலில் சுண்டு விரல் விலகும், அப்புறம் மற்றவை. மணிக்கட்டில் கயிறு போல் புடைத்து நிற்கும் நரம்பு அடங்கும்போதுதான் பேனா என் கைக்கு வரும். இயல்பு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று பின்னால் அவளே சொன்னாள். ஆசிரியர் வகுப்புக்குள் வந்தால் சட்டென்று எழ முடியாமல் அடி வாங்கியிருக்கிறாள். புகுந்த வீட்டில், பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்காத கர்வக்காரி என்று பேரெடுத்திருக்கிறாள்.

அடுத்த காலாண்டுக்கு மரபணுக்களைப் பங்கு போட்டார்கள். அவளுக்கு விழுந்தது சி.எல்.சி.என்.1. நம் தசைகளுக்குச் சுருங்கு என்று கட்டளை வந்து போன பிறகு, அவற்றை மறுபடி அமைதியாக்குவதற்குக் குளோரைடு வேண்டும். அது தசைச் செல்லுக்குள் போக, செல்லின் சுவரில் ஒரு வழி இருக்கிறது. ஒரு புரதம்தான் அந்த வழி. அந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்புதான் இந்த மரபணு. குறிப்பில் பிழை இருந்தால் வழி அடைபட்டுப்போகும். சுருங்கிய தசை சுலபத்தில் தளராது. பிடித்த கை விடாது.

ஒரு நாள் மதியம் கழிவறையின் கைகழுவும் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள். கையில் கட்டுரையின் அச்சுப்பிரதி.

"அக்கா, இந்தப் பேப்பர்ல ரெண்டாவது பேஷண்ட் இருக்கா பாருங்க. அது நான்தான்."

அவளே வாசித்தாள். வெகு நேரம் அமர்ந்திருந்து எழுந்தால் கால் மரக்கட்டை ஆகும். இறுக்கிப் பிடித்ததை விட நேரமாகும். அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் இறுக்கம் தளரும். வாசித்து முடித்ததும் என் கையைப் பிடித்தாள். என் கை ஈரமாக இருந்தது. விடவில்லை, அல்லது விட முடியவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மெல்ல விரல்கள் திறந்தன. மறுபடி பிடித்தாள். இந்த முறை சீக்கிரம் வந்தது. மூன்றாவது தடவை சாதாரணக் கை.

"திமிர் இல்லைக்கா," என்றாள். "குளோரைடு."

அதைச் சொல்லும்போது அவள் சிரித்ததை நான் மறக்கவில்லை. இத்தனை வருடங்கள் குணம் என்று திட்டு வாங்கியது உப்பின் ஒரு பாதி என்று தெரிந்த சிரிப்பு.

நரம்பு மருத்துவரிடம் போய் வந்தாள். தசையில் ஊசி குத்தி, அதன் மின்னோட்டத்தை ஒலியாகக் கேட்கும் சோதனை செய்தார்களாம். "ஸ்டார்ட் ஆகாத ஆட்டோ மாதிரி என் கை சத்தம் போடுதுக்கா," என்று அதே மாதிரி சத்தம் போட்டுக் காட்டினாள். நோய் இதுதான் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை, வேண்டுமென்றால் மாத்திரை இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் அரை கிலோ உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வந்து கூடம் முழுக்கக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லாதே என்று நான் தடுத்திருப்பேன். ஆனால் அவள் என்னிடம் கேட்கவில்லை.

மேனேஜர் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, தன் கண்ணாடி அறை வாசலில் நின்றபடி, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "உங்க அப்பா அம்மா சொந்தமா? நம்ம ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருக்கே, அதுக்காகக் கேக்கறேன்." உதட்டோரம் பிஸ்கட் துகள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகளிலும் தெலுங்குப் பிள்ளைகளிலும் பாதிப் பேரின் பெற்றோர் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும்தான். தினம் தினம் வேறு யாருக்கோ 'ஆம்' என்று அந்தக் கட்டத்தை நிரப்பியவர்கள் தலையைத் திரையில் புதைத்துக்கொண்டார்கள்.

"ஹவ் சார்," என்றாள் அவள். "அப்பாவோட அக்கா மகளைத்தான் அப்பா கட்டினாரு. நீங்க உங்க மாமா பொண்ணைக் கட்டலியா, அது மாதிரிதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் அவள் தன் கோரிக்கையைச் சொன்னாள். காலையில் முதல் அரை மணியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் அவள் யாருக்கும் குறைவில்லை. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் அந்த ஒரு வரியும் இருந்தால் போதும். மேனேஜர் பார்க்கலாம் என்றார். அவள் தகுதிகாண் காலம் முடியப் போகிற சமயம் அது.

அப்போதுதான் வெளிநாட்டு கிளையன்ட் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. மேனேஜர் என்னையும் அவளையும் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் எண்ணெய் ஊறிய செய்தித்தாள் துண்டு. அதன் மேலேயே அவருடைய மவுஸ்.

"கிளையன்ட் உள்ள வருவார். இவங்க கை குலுக்குவாங்க. கை விடாது. அப்போ நான் சொல்வேன், சார், நீங்க காசு கொடுக்கற மரபணு இதுதான்னு. லைவ் டெமோ. யார்கிட்ட இருக்கு சொல்லுங்க?"

ஒரு மனுஷியின் உடம்பை வேடிக்கை காட்டக் கூடாது என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இது நல்லபடியாக நடந்தால் அவளுடைய உத்தரவு அன்றைக்கே கையெழுத்தாகும் என்று அவளிடம் சொன்னார். பேசும்போது பல்லிடுக்கில் பச்சையாக ஏதோ.

அவள் சரி என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏம்மா, இதுக்குப் போய் சம்மதிக்கிற? எனக்கு நினைச்சாலே அருவருப்பா இருக்கு."

"நக்கோ அக்கா, நீங்க நடுவுல வராதீங்க. உங்களுக்கு இது அருவருப்பு. எனக்கு வேலை." கோபமாகச் சொல்லவில்லை. வேனில் வீடு திரும்பும்போது போவன்பள்ளி மார்க்கெட் அருகே அழுகிய தக்காளி வாடை அடித்தது. நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினேன். அவள் பொத்தவில்லை.

அந்த நாளைப் பற்றி எழுதுவதற்கு இப்போதும் கை கூசுகிறது. காலையிலிருந்தே அவளை மீட்டிங் அறையில் உட்கார வைத்தார்கள். கை ஓய்வாக இருந்தால்தான் நன்றாக இறுகும் என்பது மேனேஜரின் கணக்கு. டைப் அடிக்கக் கூடாது. டீ டம்ளரைக்கூடத் தொடக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து, கடை வாசலில் துணி விற்க நிற்கும் பொம்மை போல அவளை அமர்த்தினார். அந்த அறையின் தரைவிரிப்பு மழையில் ஊறி நாறிக்கொண்டிருந்தது. அதை மறைக்க யாரோ மல்லிகை வாசனைத் திரவம் அடித்திருந்தார்கள். ஈர நாய்க்குப் பூ வைத்த வாடை. அவள் கையை அசைக்காமல் பார்த்துக்கொள்ள என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சரிபார்ப்பவள் நான்தானே. சற்றைக்கொரு தடவை கதவு திறக்கும். அவர் தலை மட்டும் உள்ளே வரும். "ஆட்டலையே?"

அவளுக்கு மூக்கு அரித்தது. கேட்டாள், நான் சொறிந்துவிட்டேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

கிளையன்ட் வந்தார். உயரமான, வெள்ளை மீசைக்காரர். கூட இரண்டு பேர். மேனேஜர் முன்னால் ஓடி வந்தார். அவருக்கு இருந்த பரபரப்பில், 'இதோ எங்கள் ஊழியர்' என்று அறிமுகம் செய்தபடியே, தினமும் காலையில் செய்யும் பழக்கத்தில், தன் கையை அவளிடம் நீட்டிவிட்டார். நீட்டிய கையைப் பழக்கத்தில் அவளும் பிடித்துவிட்டாள்.

காலை முழுக்கச் சேமித்து வைத்த இறுக்கம் அவர் கையில் போய் உட்கார்ந்தது.

"விடு," என்றார் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வர மாட்டேங்குது சார்."

அவர் இழுத்தார். அவளும் நாற்காலியிலிருந்து பாதி எழும்பி வந்தாள். மீசைக்காரர் நீட்டிய கையைக் காற்றில் வைத்தபடி ஒன்றும் புரியாமல் நின்றார். ஒருவழியாக விரல்கள் திறந்தபோது மேனேஜரின் கை சிவந்திருந்தது. இப்போது அவளை கிளையன்ட் பக்கம் திருப்பினார். அவள் கை குலுக்கினாள். உடனே விட்டாள். யாரும் குலுக்கும் சாதாரணக் கைகுலுக்கல். மறுபடி செய்யச் சொன்னார். இன்னும் சுலபமாக விட்டது. மீசைக்காரர் மரியாதையாகப் புன்னகைத்து, சந்திப்பில் மகிழ்ச்சி என்றார். பின்னால் நின்ற இருவரில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சிறு பாட்டிலை எடுத்துத் தன் கையில் மருந்து தேய்த்துக்கொண்டார். அவர் யாரையும் தொடவே இல்லை.

விருந்தாளிகள் சாப்பிடப் போனதும் மேனேஜர் நடைவழியில் அவளை மறித்தார். நடிக்கிறாள் என்றார். வேண்டுமென்றால் பிடிப்பாள், வேண்டுமென்றால் விடுவாள், இதற்கு அரை மணி சலுகை வேறு.

"முதல் பிடிதான் சார் ஒட்டும்," என்றாள் அவள். "ஆட்ட ஆட்ட லூசாகும். அதை நான் டைப் பண்ணேன், அக்கா செக் பண்ணாங்க, நீங்க அனுப்பி வெச்சீங்க. கைக்கு சார், எதுக்குப் படிக்காம அனுப்புறீங்க?"

நான் ஆமாம் என்றேன். அந்த வரியை நானே மூலத்தோடு ஒப்பிட்டிருக்கிறேன். எங்கள் சரக்கு அது. விற்பவர்தான் வாசிக்கவில்லை. அவருக்குக் காது மடல் சிவந்தது. உத்தரவு கிடையாது என்றார். எப்போதும் போல முதல் நிமிடத்திலிருந்தே கணக்கு. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவள் சாயங்காலம் வரை டைப் அடித்தாள். லோத்குண்டாவில் ராணுவக் குடியிருப்பு மதிலோரம் நான் வேனிலிருந்து இறங்கும்போது, "இது மூணாவது இடம்க்கா," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்து நடந்தது யாரும் எதிர்பாராதது. ஊருக்குத் திரும்பிய மீசைக்காரருக்கு அந்தப் பயணத்தில் நினைவில் நின்றதே அந்தக் காட்சிதானாம். தன் ஊழியரிடம் கை மாட்டிக்கொண்டு துள்ளிய மேனேஜர். அதைத் தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்து வரவிருக்கும் தன் மேலதிகாரி அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டதாக பி.ஆர்.சி.ஏ. சொன்னான்.

அவளைக் கூப்பிட்டார். என்னையும் கூட வரச் சொன்னாள் அவள். அன்று அறையில் சமோசா வாடை.

அவள் இரண்டு விஷயம் கேட்டாள். உத்தரவு முதலில் கைக்கு வர வேண்டும், அரை மணி வரியோடு. இரண்டாவது: "முதல் கை உங்களுதா இருக்கணும் சார். வேற யாரு கையையும் நான் பிடிக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவள் சொல்வது மரபணுப்படி சரிதான் என்றேன். கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் மூலையில் கட்டைவிரல் ரேகை எண்ணெயாகப் பதிந்தது. அவள் அதை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நானாக இருந்தால் வேறு பிரதி கேட்டிருப்பேன்.

அவர்கள் வந்த அன்று மீட்டிங் அறையில் கூட்டம். பின்வரிசைப் பிள்ளைகளும் ஏதேதோ சாக்குச் சொல்லி வந்து நின்றார்கள். மேலதிகாரி குள்ளமான, உற்சாகமான பெண்மணி. கேமராவோடு முன்னால் நின்றார். மேனேஜர் சிரித்தபடி கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நன்றாக, ஆழமாக, கட்டைவிரலின் அடிவரை சேர்த்துப் பிடித்தாள்.

சிரிப்பு எழுந்தது. படம் எடுத்தார்கள். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை மட்டும் முகத்தில் வைத்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கு நுனிக்கு இறங்கியது. துடைக்க இடது கையை எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு. அந்த ஈரக் கை, கேமரா, அந்த மல்லிகைத் திரவம். எழுந்து போய்விடலாம் என்று திரும்பியபோது அவளுடைய மணிக்கட்டு கண்ணில் பட்டது.

சுண்டு விரல் விலகிவிட்டது. கயிறு போல் நின்ற நரம்பு அடங்கிவிட்டது. கை திறந்துகொண்டாயிற்று, தினமும் காலையில் பேனா கொடுத்து வாங்கிய எனக்கு அது தெரியாமல் இருக்காது. அவள் விடவில்லை. இப்போது பிடித்திருந்தது நோய் இல்லை, அவள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையை மேலும் கீழுமாக ஒருமுறை ஆட்டினாள். அவரும் கூடவே ஆடினார்.

"போதும், விடு," என்றார் மெதுவாக.

"இன்னும் வரலை சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். கெஞ்சும் கண்கள். "மேடம், நீங்க பாருங்க. இன்னுமா லாக் ஆகியிருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவள் மணிக்கட்டை நிதானமாகப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் நான் சரி என்று குறித்த எதிலும் தெரிந்தே ஒரு பிழையும் விட்டதில்லை.

"இன்னும் நேரமாகும் சார்," என்றேன்.